காட்டன் புத்தகத்தில் இல்லாத பாட்டன்

ராயபுரத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று தன் ஸ்காட்லாந்து வேரைத் தேடினால், கைக்கு எட்டும் புத்தகம் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905ல் தொகுத்த மதராஸ் கல்லறை வாசகங்கள். பெரிய உழைப்பு, மறுக்கலை. ஆனா தலைப்பிலேயே வடிகட்டி இருக்கு: 'வரலாற்று முக்கியத்துவம் உள்ளவை' மட்டும். கம்பெனிப் படையில் வந்த சாதாரண கன்னரும், 1856ல் ராயபுரம் ஸ்டேஷன் திறந்த பிறகு வந்த ஃபிட்டரும் யாருக்கு முக்கியம்?

தேடுபவருக்கு வேண்டியது புகழ் இல்லை, பிறந்த பாரிஷ். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவே 1855ல்தான் தொடக்கம். அதுக்கு முன்னாடி கப்பல் ஏறின ஜான் கேம்ப்பெல்லை, பாரிஷ் தெரியாமல் பழைய சர்ச் ஏடுகளில் தேடினால் ஊருக்கு ஒரு கேம்ப்பெல் வருவார்.

காட்டனில் பெயர் இல்லையா, மூடிவையுங்கள். லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் மதராஸ் ஞானஸ்நான நகல்கள் 'என்/2' வரிசையில் இருக்கின்றன. அப்பா சிப்பாய் என்று அதில் தெரிந்தால், அடுத்து கம்பெனிப் படைப் பதிவேடு. பிறந்த ஊர் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.