வினாக்கொத்தும் நோயாளியும்

புகைத்தலைக் கைவிட விரும்புவோர்க்கு உதவச் சுகாதாரத்துறை மாணவர் எந்தளவு ஆயத்தமாயுள்ளனர்? இதனை அறிய உலக சுகாதார தாபனமும் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையமும் பிறரும் 2005 இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். மருத்துவம், பல்மருத்துவம், தாதியியல், மருந்தாளர் கற்கை ஆகியவற்றின் மூன்றாமாண்டு மாணவரிடம் வினாக்கொத்து வழங்கப்பட்டது. பல நாடுகளிலும் கிடைத்த முடிவு ஒன்றே: பயிற்சி வேண்டும் என்போர் மிகப் பலர், முறையான பயிற்சி பெற்றோர் சிலரே.

இம்முரண்பாட்டை வெளிக்கொணர்ந்தமையும், மாணவரின் சொந்தப் புகைப்பழக்கத்தையே வினவியமையும் ஆய்வின் சிறப்புகள். ஆயின் அதன் குறைபாடும் வினாவிலேயே உள்ளது. பயிற்சி பெற்றீரா என்று கேட்கும் அது, செய்ய வல்லீரா என்று சோதிப்பதில்லை. புகையின் தீமைகளை ஒப்புவித்தல் எளிது. இருபதாண்டு புகைத்தவர் முன் அமர்ந்து, துயிலெழுந்து எவ்வளவு நேரத்தில் முதற் சிகரெட்டைப் பற்றவைக்கிறார் என வினவி, நிக்கொட்டின் பிணிப்பின் வலிமையை மதிப்பிட்டு, கைவிடும் நாளைக் குறித்து, தவறினால் கடிந்துகொள்ளாது மீண்டும் சந்தித்தல் அரிது.

இலங்கை 2003 இல் ஏற்புறுதி செய்த புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தின் 14 ஆம் உறுப்புரை இவ்வுதவியை அரசுகளின் கடமையாகக் கொள்கிறது. அக்கடமைக்குரியோரை அளக்க வினாக்கொத்து மட்டும் போதாது. நோயாளியின் முன்னிலையில் நிகழும் செய்முறைப் பரீட்சையும் வேண்டும்.