பன்னிரண்டு நிமிட மௌனமும் சேப்பாக்கத்து ஸ்பீக்கரும்

2024 ஏப்ரல் 8. சென்னை - கொல்கத்தா ஐ.பி.எல். மேட்ச். ஒரகடத்தில் எங்கள் ஆலைக்கு வேலையாக வந்திருந்த ஜெர்மன்காரர் ஒருவரை சேப்பாக்கத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். (டிக்கெட் கிடைத்த கதை தனிப் பதிவு போடும் அளவுக்கு நீளம்.) அதற்கு ஆறு மாதம் முன்பு அவர் என்னை ஸ்டுட்கார்ட்டில் ஒரு ஃபுட்பால் மேட்சுக்கு அழைத்துப் போயிருந்தார். அதற்குக் கைம்மாறு.

வெற்றிக்கு மூன்று ரன் தேவை என்ற நிலையில் தோனி இறங்கினார். எல்லைக்கோட்டருகே நின்ற ஆந்த்ரே ரஸ்ஸல் காதைப் பொத்திக்கொண்டது அன்றைக்குத்தான். எனக்கு ஒரே பெருமை. 'எப்படி எங்க ஊரு?' என்கிற மாதிரி விருந்தாளியைப் பார்த்தேன். அவர் சிரித்தார், கைதட்டினார், பிரமித்தும் போனார். ஆனால் அதற்கு முன்பே, எட்டாவது ஓவர் வாக்கில், ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "இந்தப் பாட்டை யார் ஆரம்பித்தது?"

டி.ஜே. என்றேன்.

"அதற்கு முந்தையதை?"

அதுவும் டி.ஜே.தான். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே ஒரு துண்டுப் பாட்டு, விசில் அடிக்கச் சொல்லி ஒரு குரல், திரையில் 'சத்தம் போடுங்க' என்று ஓர் அறிவிப்பு. நாங்களும் போட்டோம். தொண்டை எங்களுடையது, ஆனால் எப்போது திறக்க வேண்டும் என்பது எங்கள் கையில் இல்லை. அதுவரை இது எனக்கு உறைக்கவே இல்லை.

இப்போது ஸ்டுட்கார்ட். 2023 அக்டோபர் 7, வி.எஃப்.பி. ஸ்டுட்கார்ட் - வோல்ஃப்ஸ்பர்க். மேட்ச் டிக்கெட்டே ரயில் டிக்கெட்டும்கூட என்பதில் ஆரம்பித்தது என் வியப்பு. பியருக்குத் தரும் கப்புக்கு டெபாசிட் வாங்குகிறார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வாபஸ். அணிப் பட்டியலை வாசிப்பவர் முதல் பெயரை மட்டும் சொல்வார், மிச்சப் பெயரை மைதானமே முடித்துவைக்கும். அவர் "செர்ஹூ" என்பார், அறுபதாயிரம் பேர் கொள்ளும் அரங்கம் "கிராஸி!" என்று அலறும். அந்தக் கிராஸி அன்று மூன்று கோல் போட்டார், ஸ்டுட்கார்ட் 3-1 ஜெயித்தது. நான் பாதி நேரம் ஆட்டத்தையே பார்க்கவில்லை. கோல் போஸ்டுக்குப் பின்னால் இருக்கும் கான்ஸ்டாட்டர் குர்வ என்ற நின்றுகொண்டே பார்க்கும் பகுதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒருவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மெகாஃபோனில் பாட்டு எடுத்துக்கொடுக்கிறார். தொண்ணூறு நிமிடமும்!

"அப்ப அவரும் டி.ஜே.தானே பாஸ்?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் அன்று ஒன்று கவனித்தேன். இரண்டாம் பாதியில் அவர் எடுத்துக்கொடுத்த ஒரு பாட்டைக் கூட்டம் எடுத்துக்கொள்ளவில்லை. பத்து வரிசை பாடியது, பின்னால் பரவவில்லை, தேய்ந்து நின்றுபோனது. அவர் கையை உதறிவிட்டு வேறு பாட்டுக்குப் போனார். சேப்பாக்கத்தில் எந்தப் பாட்டும் அப்படிச் சாவதில்லை. நாம் பாடாவிட்டாலும் ஸ்பீக்கர் பாடும்.

இதைத்தான் நான் உரைகல்லாக எடுத்துக்கொள்கிறேன்: ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டால் மைதானம் அமைதியாகுமா? டெசிபெல் கணக்கு இதைச் சொல்லாது.

ஜெர்மனியில் இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். 2012 இறுதியில், மைதானப் பாதுகாப்பு என்ற பெயரில் கட்டுப்பாடுகள் வரப்போகின்றன என்றதும் நாடு முழுக்க ரசிகர்கள் ஒவ்வொரு மேட்சிலும் முதல் 12 நிமிடம் 12 விநாடி வாய் திறக்கவில்லை. டிசம்பர் 12 அன்று ஓட்டெடுப்பு என்பதால் அந்தக் கணக்கு. தீர்மானம் என்னவோ நிறைவேறிவிட்டது. ஆனால் அந்தப் பன்னிரண்டு நிமிடம் டிவியில் பார்த்தவர்களுக்கும் கேட்டது.

அடுத்த முறை ஜெயித்தார்கள். லீகின் ஊடக வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கும் திட்டத்தை 2023 டிசம்பரில் கிளப்புகள் ஏற்றன. மைதானங்களில் டென்னிஸ் பந்துகளும் சாக்லேட் காசுகளும் மழையாய்ப் பொழிந்து ஆட்டங்கள் நின்று நின்று நடந்தன. 2024 பிப்ரவரி 21 அன்று லீக் பின்வாங்கியது. இதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது: 1998 முதல் அமலில் உள்ள 50+1 விதிப்படி, கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும். விதிவிலக்கு உண்டு. அன்று தோற்ற வோல்ஃப்ஸ்பர்கே ஃபோக்ஸ்வாகன் ஆலையின் அணிதான். அதைச் சொல்லும்போது நம்மவர் முகத்தில் லேசான இளக்காரம். வாகன ஆலையில் சம்பளம் வாங்கும் நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஜெர்மானியர்களை நான் புனிதர்களாக்கவில்லை. அந்தப் பகுதியில் கொடி ஆடினால் பின்னால் இருப்பவருக்குப் பந்து தெரியாது. மத்தாப்புப் புகை வேறு. எதிரணி ரசிகர்களை அவர்கள் திட்டியதை மொழிபெயர்க்கச் சொன்னேன், அவர் மறுத்துவிட்டார்.

நம்மிடம் இந்தச் சரக்கு இல்லாமலும் இல்லை. 1999 ஜனவரி 31, இதே சேப்பாக்கம். 271 இலக்கு, முதுகு வலியோடு டெண்டுல்கர் 136, அவர் போனதும் மிச்ச விக்கெட்டுகள் மளமள, பாகிஸ்தான் 12 ரன்னில் வெற்றி. காலேஜ் ஹாஸ்டல் டிவியில் பார்த்தேன். அந்த மைதானம் உறைந்து நின்ற நிசப்தம் கறுப்பு ஸ்பீக்கர் வழியாகவே எங்களை அறைந்தது. அதன் பிறகு கைதட்டல் எழுந்தது. எழுந்து நின்று தட்டினார்கள், பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். யாரும் திரையில் எழுதிக் காட்டவில்லை. அந்த நிசப்தத்துக்கு இடம் இருந்ததால்தான் அந்தக் கைதட்டல் வந்தது என்பது என் கட்சி. இன்று அந்த இடைவெளியில் ஒரு குத்துப் பாட்டு ஓடிவிடும்.

சென்னையில் ஸ்டுட்கார்ட் வாசனையை நான் முகர்ந்த ஒரே இடம் நேரு ஸ்டேடியம். ஒரகடத்திலிருந்து பஸ்ஸில் தாம்பரம், மின்சார ரயிலில் பார்க், அங்கிருந்து நடை. சென்னையின் எஃப்.சி.க்கு சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்று ரசிகர் குழுக்கள் இருக்கின்றன. டிரம்மும் பாட்டும் அவர்களுடையவை. நடுவே ஓடுதளம் வேறு இருப்பதால் சத்தம் வீரர்களை எட்டுவதற்குள் இளைத்துவிடுகிறது. கேரளா பிளாஸ்டர்ஸ் வந்தால் மஞ்ஞப்பட வந்து இறங்கிவிடும். அன்றைக்கு யார் ஊர் மைதானம் என்றே குழம்பும். எங்கள் ஷிப்டில் இருக்கும் மலையாளி நண்பர் மஞ்சள் சட்டையோடு அந்தப் பக்கம், நான் நீலத்தோடு இந்தப் பக்கம். திரும்பும்போது ஒரே ரயில். கூட்டம் சேப்பாக்கத்தில் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் டிரம் அடிப்பவர் கை ஓய்ந்தால் ஸ்டேடியமே ஓய்வது கேட்கும்.

அவர்களுக்கும் இல்லாதது ஓட்டு. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். அடுத்த சீசனையே நிறுத்திவைத்தார்கள். இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையே 2010இல் போட்ட ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிவதாக இருந்தது, புதுப்பிப்பதில் இழுபறி. பத்து வருடம் டிரம் அடித்தவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அந்த ஆகஸ்ட் பிறந்தபோதும் தேதி வந்திருக்கவில்லை.

இந்த 12 நிமிட விஷயத்தைக் கேன்டீனில் மலையாளி நண்பரிடம் சொன்னேன். நாமும் ஒருநாள் இப்படிச் செய்தால் என்ன என்றேன். அவர் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "மௌனமா இருக்கக்கூட முதல்ல மேட்ச் நடக்கணுமே சாரே."