ஒழுக்கம்: ஒரு சொல்லின் சுருக்கம்

பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு 'ஒழுகு' என்றால் ஒரே பொருள்தான் தெரியும். கூரை ஒழுகுது, குழாய் ஒழுகுது. 'ஒழுக்கம்' என்றால் அதைவிடக் குறுகிய பொருள்: பையன் குடிக்கக் கூடாது, பெண் நேரத்தோடு வீடு திரும்பணும். இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள் என்றால், "அப்படியா தாத்தா?" என்று கேட்கிறார்கள்.

ஒழுகுதல் என்பது இடையறாமல் ஓடுதல். அதிலிருந்து வந்ததே ஒழுக்கம். ஆகவே ஒரு நாள் செய்த நல்ல காரியம் ஒழுக்கம் ஆகாது. நாள்தோறும் அறுபடாமல் தொடர வேண்டும். காதலர் மறைவில் கூடுவதையும் அகப்பொருள் உரைகாரர்கள் களவொழுக்கம் என்றே சொன்னார்கள். அதில் பழிச்சொல் ஏதும் இல்லை.

திருக்குறளில் 14-ஆம் அதிகாரம் ஒழுக்கமுடைமை. தத்தம் வருணத்துக்கும் நிலைக்கும் விதித்தபடி நடப்பதே ஒழுக்கம் என்று பரிமேலழகர் உரை கண்டார். அவர் துணையின்றி நமக்குக் குறளின் நுட்பம் பாதி விளங்காது. ஆனாலும் இவ்விடத்தில் அவரோடு உடன்பட இயலவில்லை. குடிமை என்பதே ஒழுக்கம்தான் என்கிறது 133-ஆம் குறள். அதாவது, ஒழுக்கத்தால்தான் ஒருவனுக்குக் குடிச்சிறப்பு. குடியைப் பார்த்து ஒழுக்கம் வகுப்பது அக்குறளுக்கு ஒட்டவில்லை. 134-இல் பார்ப்பான் வருகிறானே என்பீர்கள். ஓதியதை மறந்தால் திரும்ப ஓதிக்கொள்ளலாம், ஒழுக்கம் குன்றினால் பிறப்பின் சிறப்பே கெடும் என்பதுதான் அங்கும் பேச்சு. பிறப்பு அவனைக் காப்பாற்றவில்லை.

சமண நூல்கள் இச்சொல்லை மும்மணிகளில் ஒன்றாக வைத்தன: நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம். இல்லறத்தானின் கள்ளாமை விரதத்தில் நேரும் ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் 7-ஆம் அத்தியாயத்தில் எண்ணிச் சொல்கிறது. திருடத் தூண்டுவது, திருட்டுப் பொருளை வாங்குவது, அரசின் சட்டத்தை மீறி வாணிகம் செய்வது, அளவையைக் கூட்டிக் குறைப்பது, போலிச் சரக்கைக் கலப்பது. சிக்பேட்டையில் கடை வைத்திருக்கும் எனக்கு இந்தப் பட்டியல் புதிதாகத் தெரியவில்லை. ஐந்துமே கடைத்தெருவில் நடக்கக் கூடியவை! 120-ஆம் குறளும் பிறர் பொருளைத் தம் பொருள்போல் பேணுவதே வாணிகருக்கு வாணிகம் என்கிறது. இவ்வளவு பரந்த சொல்லைப் படுக்கையறைக்கும் மதுப்புட்டிக்கும் மட்டும் என்று நாம் ஒதுக்கிவிட்டோம். அதிலும் பெண்களைப் பழிக்கவே மிகுதியாக எடுக்கிறோம். எடையில் ஏமாற்றுகிறவனை யாராவது 'ஒழுக்கங்கெட்டவன்' என்று ஏசிக் கேட்டதுண்டா?

கன்னடத்தில் 'நடதெ', தமிழில் 'நடத்தை'. இரண்டும் 'நட' என்பதன் வழி வந்தவை. பள்ளிக்கூடம் தரும் நன்னடத்தைச் சான்று, பிறர் பார்த்து எழுதுவது. யாரும் பாராத இடத்திலும் ஒழுகிக்கொண்டிருப்பதற்குத் தமிழில் தனிச்சொல் இருக்கிறது. அதைப் பிள்ளைகளைக் கண்டிக்க மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். பல வருஷமாக எடை குறையாமல் நிறுத்துப் போடும் மளிகைக்காரர் உங்கள் தெருவில் இருந்தால், அவரைக் காட்டி, "இவர் ஒழுக்கமானவர்" என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.