ஈகையும் புகழும்: கிறித்தவத் தொண்டினை எழுதும் முறை பற்றி ஓர் ஆய்வு

திருக்குறளில் ஒப்புரவறிதல், ஈகை, புகழ் என்னும் மூன்று அதிகாரங்களும் 22, 23, 24 என அடுத்தடுத்து நிற்கின்றன. ஈவோனைப் புகழ் சென்று சேரும் என்பது இவ்வைப்புமுறையால் பெறப்படும் கருத்தாகும். புறநானூற்றுப் பாடாண் பாட்டுகளும் இந்நெறியினவே. மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரமோ, அறஞ் செய்வோன் பிறர் காணச் செய்தலாகாது எனத் தடுக்கின்றது. எனவே, கிறித்தவத் தொண்டர் ஒருவரைத் தமிழில் எழுதப் புகுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு நேர்கின்றது. எழுதாதொழியின் அறம் மறையும். எழுதின் மறைவிற் செய்தான் விருப்பத்திற்கு மாறாகும். இவ்விடர்ப்பாடு தீருமாறு யாது என்பதனை இருவர் வரலாறு கொண்டு யாம் ஈண்டு ஆராய்வோம்.

முதலாமவர் தாமசு கஜிடன் இராக்லாந்து. 1841-இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். பின்னர்ச் சென்னையில் சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராய் அமர்ந்தவர். அப்பதவியை விடுத்து 1854-இல் அன்றைய வடதிருநெல்வேலிப் பகுதிக்கு வந்து, கூடாரத்தில் தங்கி ஊர் ஊராய்ச் சென்றார். இன்று எம். புதுப்பட்டி முதலிய ஊர்கள் சூழ விளங்கும் சிவகாசியே அவர் வாழ்வு முடிந்த இடம். 1858 அக்டோபர் 22-இல் அவர் அங்கே உயிர் நீத்தார். நிலத்தில் விழுந்து மடிந்த பின்னரே பலன் தரும் கோதுமை மணியைப் போலாதலே தொண்டு வெற்றி பெறும் வழி என்பது அவர் கொள்கை.

அவரைப் பற்றிப் பெரோன் என்பார் 1861-இல் ஒரு வரலாறு வெளியிட்டார். தோனாவூர் ஏமி கார்மைக்கேல் 1922-இல் மற்றொன்று எழுதினார். இவ்விரு நூல்களும் பணிவைப் போற்றுவன. ஆயினும், வாழ்க்கை வரலாறு என்னும் இலக்கிய வகை தன் இயல்பினாலேயே ஒருவரை நடுவில் நிறுத்தி ஏனையோரைச் சூழ நிறுத்துவது. பின்னவர் நூலின் பெயரிலேயே 'முன்னோடி' என்னும் பொருள்தரும் சொல் இடம்பெற்றுள்ளது. மறைய விரும்பினார் ஒருவரை முன்னோடி என முன்னிறுத்துதல் பொருந்துமோ என்னும் வினா எழுதல் இயல்பே.

இவ்வினாவிற்கு விடை காண, அத்தொண்டு நடந்த முறையினை நோக்குதல் வேண்டும். இராக்லாந்தும் அவர்தம் தோழர் பென், மெடோசு ஆகியோரும் தனித்து இயங்கினாரல்லர். தென்திருநெல்வேலித் தமிழ்ச் சபைகள் தம் செலவிலேயே உபதேசியார்களை முறைவைத்து வடக்கே அனுப்பின. அச்சபையினருள் பனையேறிப் பிழைத்த எளியோர் பலராவர். கல்லூரிப் பெருமையைத் துறந்த ஒருவரின் ஈகையும், அன்றாட உழைப்பிற் சிறுபங்கு ஒதுக்கிய பலரின் ஈகையும் அங்கே ஒன்று கூடின. முன்னதற்கு நூல்கள் உள. பின்னதனைத் தனிப்பொருளாகக் கொண்டு தமிழில் எழுதுதலே இனிச் செயற்பாலது. அவ்வாறு எழுதின் இராக்லாந்தின் பெருமை குறையாது. அவர் விரும்பிய இடத்திலேயே, பலருள் ஒருவராய், அவர் நிற்பார்.

இரண்டாமவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர் என்ற அளவிலேயே இலக்கிய வரலாறுகள் இவரைப் பெரிதும் நினைக்கின்றன. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பெரும் பஞ்சத்தின்போது, முன்சீப் பதவியினின்றும் ஓய்வு பெற்றிருந்த இக்கத்தோலிக்கக் கிறித்தவர், தம் பொருளைக் கொண்டு கஞ்சித் தொட்டிகள் அமைத்துப் பசித்தோர்க்கு உணவளித்தார். 1878-இல் வெளிவந்த அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளுள் பஞ்சத்தைத் தீர்க்குமாறு இறைவனை வேண்டும் பாடல்கள் உள்ளன. அவற்றிற் கஞ்சி வார்த்தவர் தம் செயலைப் பேசவில்லை. பசித்தோர் பக்கம் நின்று முறையிடும் குரலே ஆண்டுக் கேட்கின்றது.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் கொடையை வேதநாயகர் பாடிப் பாராட்டினார். வேதநாயகரின் கொடையையோ, நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் பாடினார். கிறித்தவர் சைவத் துறவியைப் பாட, சிவனடியாரைப் பாடிய இசைவாணர் கிறித்தவரைப் பாடுகின்றார். இஃது ஒருவரையொருவர் முகமன் கூறியதேயன்றோ எனச் சிலர் கூறலாம். பாடாண் மரபிற் பாடுவோன் பரிசிலை நாடி வருபவன். வேதநாயகரோ மடத்தின் கொடையை எதிர்பார்த்து வாழ்ந்தவரல்லர், அவரே கொடையாளர். கொடுப்பவர் மற்றொரு கொடையாளரைப் பாடும்போது, தம் கைப்பொருளோடு தமக்குரிய புகழையும் ஈந்தவராகின்றார் என்பது எம் கருத்து. வள்ளுவர் வைப்புமுறையும் நற்செய்தியின் தடையும் இவ்விடத்து முரணாமல் இயைகின்றன. புகழ் உண்டு, அதனை ஈந்தவன் தானே தேடிக்கொள்வதில்லை.

ஆகவே, தொண்டினைப் பற்றிய எழுத்தை மதிப்பிட மூன்று அளவைகளை யாம் முன்வைக்கின்றோம். தொண்டனின் பெயர் எத்துணை முறை வருகின்றது என்பதனைவிட, உடன் உழைத்தோர் அதில் இடம்பெறுகின்றனரா என்பது முதலாவது. பெற்றவர் இரக்கத்திற்குரிய பொருளாகவன்றிக் குரலுடைய மக்களாகக் காட்டப்படுகின்றனரா என்பது இரண்டாவது. புகழுரை யார் வாயினின்று வருகின்றது என்பது மூன்றாவது. நூற்றாண்டு மலர்களும் சபை வரலாறுகளும் மிகுதியாக வெளிவரும் இக்காலத்து, இவற்றைக் கொண்டு நோக்கின் பல மலர்கள் கொடையாளர் பட்டியல்களாகவே நின்றுவிடுதலைக் காணலாம். வடதிருநெல்வேலிக்கு முறைவைத்து நடந்துவந்த உபதேசியார்களையும், அவர்க்கு வழிச்செலவு அளித்த எளிய குடும்பங்களையும் சபைப் பதிவேடுகளில் தேடித் தொகுத்தல், தமிழாய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.