உழவர்களுக்கான பால்பொருள் தகவல் தளங்கள்: கலைச்சொல்லும் பதமும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பாலிலிருந்து நெய், கோவா, பனீர் முதலியவற்றை ஆக்கும் முறையை உழவர்க்கு உணர்த்தும் தமிழ்த் தகவல் தளங்களின் மொழியையும் அமைப்பையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பாடநூல் வரிசையைப் பின்பற்றும் தளம், செய்பவரின் கைத்திறனறிவைப் பயன்படுத்தத் தவறுகிறது. கைத்திறனறிவு போதாத இடம் எது என்பதையும் அதனால் சுட்ட இயலவில்லை. இவ்விரு குறைகளும் ஒரே வேரிலிருந்து எழுபவை என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பால்பொருள், தகவல் தளம், கலைச்சொல், பதம், உணவுப் பாதுகாப்பு.

முன்னுரை

பாலை மதிப்புக்கூட்டி விற்பது தமிழகத்திற்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, விடியலில் தயிர் கடைந்து மோர் விற்றுச் சுற்றத்தை உண்பிக்கும் ஆயர்மகளைக் காட்டுகிறது. அவள் நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாமல் எருமையும் பசுவும் கன்றும் பெறுகிறாள். எதை உடனே விற்பது, எதைச் சேர்த்து விற்பது, வருவாயை எதில் இடுவது என்னும் மூன்று முடிவுகளும் அவள் கையில் இருந்தன. இன்றைய தகவல் தளத்தை மதிப்பிடுவதற்கு இது தக்க அளவுகோலாகும். செய்முறையைச் சொல்வதோடு, முடிவெடுக்கும் ஆற்றலையும் தளம் தருகிறதா என்பதே கேள்வி.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம் போன்ற முயற்சிகள் துறைசார் செய்திகளைத் தமிழில் திரட்டித் தந்துள்ளன. இப்பணியின் பெறுமதி ஐயத்திற்கு இடமற்றது. இவ்வகைத் தளங்கள் அடுத்து எவ்வாறு வடிவமைக்கப்பட வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

கலைச்சொற் குழப்பம்

பால்பொருள் குறித்த தமிழ்ச் சொற்களில் ஒரு சொல் பல பொருளைக் குறிப்பது மிகுதி. ‘பாலாடைக்கட்டி’ என்பது சீஸையும் குறிக்கிறது, பனீரையும் குறிக்கிறது. சீஸ் பொதுவாக உறைநொதியாலும் நுண்ணுயிராலும் உறையவைத்துப் பெறப்படுவது. பனீர், சூடான பாலில் அமிலம் சேர்த்துத் திரித்துப் பெறப்படுவது. ஒன்றின் செய்முறையை மற்றொன்றிற்குக் கொண்டால் பால் வீணாகும். மேலும், அச்சொல்லில் உள்ள ‘பாலாடை’ காய்ச்சிய பாலின்மேல் படியும் ஏட்டை நினைவூட்டுவதால், பொருளின் இயல்பையே திரித்துக் காட்டுகிறது. ‘பன்னீர்’ என்று எழுதினால் அது ரோசா நீராகவும் பொருள்படும்.

‘கோவா’ என்பதிலும் இச்சிக்கல் உண்டு. தொழில்நுட்ப நூல்களில் அது இனிப்புச் சேர்க்காமல் சுண்டவைத்த பால். தமிழக வழக்கில் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைப் போன்ற இனிப்பையே மனம் முதலில் எண்ணும். ‘உறைமோர்’, ‘பிரைமோர்’ என்னும் வழக்குச் சொற்கள் உயிர்ப்புடன் இருக்க, ‘தொடக்க நுண்ணுயிர் வளர்ப்பு’ என்னும் தொடர் மட்டும் தளத்தில் நின்றால், அறிந்த பொருளும் அயலாகிவிடும். கொழுப்பளவைக் கொண்டு பாலுக்கு விலை பெறுபவர் ‘ஃபேட்’ என்னும் சொல்லை நன்கறிவர். ஆகவே வழக்குச் சொல்லை முதலிலும் கலைச்சொல்லை அதன் அருகிலும் வைத்து, ஒவ்வொன்றின் பொருளெல்லையையும் வரையறுப்பதே முறை.

பதமும் அளவும்

பாடநூல் வரையறை, இயைபு, தரநிலை, செய்முறை என்னும் வரிசையில் செல்லும். அடுப்பின்முன் நிற்பவருக்கு வேண்டியது வேறு: என்ன தோன்றும், அப்போது என்ன செய்வது, ஏன் செய்வது என்னும் வரிசை. தமிழில் இதற்கெனவே ‘பதம்’ என்னும் சொல் உள்ளது.

நெய் இதற்குச் சிறந்த சான்று. இந்திய உணவுப் பாதுகாப்புத் தரநிலையின்படி வெண்ணெயில் ஈரம் 16 விழுக்காட்டிற்கு மிகாமலும், நெய்யில் 0.5 விழுக்காட்டிற்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். இவ்வெண்ணை வீட்டில் அளப்பதற்குக் கருவி இல்லை, காது உண்டு. வெண்ணெய் உருகும்போது எழும் சடசடப்பு நீர் ஆவியாவதன் ஒலி. நீர் இருக்கும்வரை வெப்பம் நீரின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். ஒலி அடங்குவது நீர் பெரும்பாலும் நீங்கியதைக் காட்டும். அதன்பின் வெப்பம் விரைந்து ஏறி, அடியிலுள்ள கசண்டு பொன்னிறத்திலிருந்து கருநிறத்திற்கு மாறும். ஒலி அடங்கும் நேரத்தில் அடுப்பைத் தணிப்பவர் தரநிலையின் அறிவியலையே கையாள்கிறார். இவ்விளக்கம் இல்லாத தளம் அவரிடம் உள்ள அறிவை அறியாமையாக நடத்துகிறது. இத்தகைய ஒலியைச் சில நொடிப் பதிவாகவே தளத்தில் தரலாம். அச்சு நூலுக்கு இல்லாத அவ்வாய்ப்பைப் பயன்படுத்தாத தளம் திரையில் ஏற்றிய நூலாகவே நின்றுவிடும்.

பனீரிலும் இவ்வாறே. பாலை ஏறத்தாழ 90 பாகை செல்சியசு வரை சூடாக்கிச் சற்று ஆறவிட்டு, 1 முதல் 2 விழுக்காட்டுச் சிட்ரிக் அமிலக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பிரியும் நீர் வெண்மை நீங்கி இளம்பச்சை சாயலுடன் தெளிந்தால் அமிலம் போதும் என்பது குறி. எண்ணும் குறியும் இணைந்தே முழுச் செய்தியாகின்றன.

பதம் போதாத இடம்

எனினும் பதத்தைப் போற்றுவதில் ஓர் எல்லை தேவை. நோய்க்கிருமி கண்ணுக்கோ காதுக்கோ நாவுக்கோ புலப்படுவதன்று. பாலைப் பாச்சர்முறையில் பதப்படுத்த 63 பாகையில் 30 நிமிடம், அல்லது 72 பாகையில் 15 நொடி வைத்தல் வேண்டும். 63 பாகைக்கும் 55 பாகைக்கும் உள்ள வேறுபாட்டைக் கை அறியாது. கறந்த பாலின் வழி புருசெல்லா நோயும் காசநோயும் பரவக்கூடும் என்பதால் இங்கு வெப்பமானி கட்டாயம். அது இல்லையெனில் நன்கு பொங்கக் காய்ச்சுவதே வழி. ‘இங்குக் குறி போதும், இங்குக் கருவி வேண்டும்’ என ஒவ்வொரு படியிலும் பிரித்துக் காட்டாத தளம், எல்லா எண்களையும் ஒரே நிறையில் அடுக்குகிறது. அப்போது படிப்பவர் எல்லா எண்களையும் ஒருசேரக் கடந்துபோக நேரும். உயிரோடு தொடர்புடைய எண்ணும் அவற்றுள் ஒன்றாகிவிடும்.

செய்முறைக்கு முந்தைய கணக்கு

தளத்தின் முதற்பக்கத்தில் இடம்பெற வேண்டியது செய்முறைக்கு முந்தைய கணக்காகும். 4 விழுக்காடு கொழுப்புள்ள 10 லிட்டர் பசும்பாலில் சற்றேறக்குறைய 410 கிராம் கொழுப்பே உண்டு. இழப்பே இல்லையெனினும் நெய் அரைக் கிலோவை எட்டாது. இந்நெய்யின் விலையோடு மோரின் விலையைக் கூட்டி, எரிபொருளையும் உழைப்பையும் கழித்து, பாலாகவே விற்றால் கிடைப்பதோடு ஒப்பிட்ட பின்னரே ஆக்கத்தில் இறங்குவது பொருந்தும். விற்பனைக்கு ஆக்குவோர் சிறு அளவினராயினும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற வேண்டும் என்பதும் இக்கணக்கின் பகுதியே. ‘மதிப்புக்கூட்டினால் இலாபம்’ என்று பொதுவாகச் சொல்லிச் செல்லும் தளம், இழப்பின் பொறுப்பை மட்டும் உழவரிடம் விட்டுவிடுகிறது.

முடிவுரை

தகவல் தளத்தின் தரம் அதில் அடங்கிய செய்தியின் அளவால் அமைவதன்று. பொருளெல்லை தெளிந்த சொல், பதத்திற்கு அறிவியல் விளக்கம், கருவி இன்றியமையாத இடத்தில் தனித்த எச்சரிக்கை, ஆக்கத்திற்கு முன் வரவு செலவுக் கணக்கு ஆகிய நான்கும் அதற்கு அடிப்படை. இவற்றை வகுக்கப் பால் தொழில்நுட்ப வல்லுநரோடு தமிழ்க் கலைச்சொல் ஆய்வாளரும், நாள்தோறும் வெண்ணெய் உருக்கும் பெண்களும் ஒருங்கே அமர வேண்டும். பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆயர்மகள் எடுத்த முடிவுகளை இன்றைய உழவர் மகளும் தானே எடுக்க இயலுமாயின், அத்தளம் தன் பயனை எய்தியதாகும்.