ஜூலியனின் கண் போகும் வழியே: லூயி மாலின் படத்தை ரசிப்பது எப்படி?

போர்க்காலப் படம் என்றதும் பீரங்கியையும் பிணக்குவியலையும் எதிர்பார்த்து உட்காருபவர்களுக்கு லூயி மால் 1987இல் எடுத்த 'ஓ ரெவ்வார் லெஸான்ஃபான்' முதலில் ஏமாற்றமாக இருக்கும். 'போய் வருகிறேன், பிள்ளைகளே' என்று பொருள்படும் தலைப்பு. ஒரு பிரெஞ்சு உறைவிடப் பள்ளி, கடுங்குளிர். பையன்கள் பொய்க்கால் ஏறி ஒருவரையொருவர் முட்டித் தள்ளுகிறார்கள், தபால்தலை மாற்றிக்கொள்கிறார்கள், புதிதாக வந்தவனைத் தலையணையால் அடிக்கிறார்கள். கதை எப்போது தொடங்கும் என்று கேட்கத் தோன்றும். அது தொடங்கி வெகுநேரமாகியிருக்கும். சின்னச் சின்ன விஷயங்களுக்குள் பெரிய விஷயத்தை ஒளித்துவைக்கும் படம் இது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதலில் வரலாறு

1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. யூதர்களைப் பிடித்து அனுப்பும் வேலையில் பிரெஞ்சு அரசும் கைகொடுத்தது. பாரிசுக்குத் தெற்கே, ஃபோந்தேன்புளோ பக்கத்தில் ஆவோன் என்ற ஊரில் கார்மலைட் துறவிகள் ஒரு பள்ளி நடத்தினார்கள். அதன் தலைவரான பாதிரியார் ழாக், மூன்று யூதப் பையன்களைப் பொய்ப்பெயரில் சேர்த்து ஒளித்துவைத்தார். 1944 ஜனவரி 15 அன்று நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ வந்து நால்வரையும் பிடித்துப்போனது. பையன்கள் மூவரும் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள். மவுத்தவுசன் முகாமிலிருந்து உயிரோடு மீட்கப்பட்ட பாதிரியார் சில வாரங்களிலேயே, 1945 ஜூனில், இறந்துபோனார். அன்று அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 11 வயது மாணவன்தான் லூயி மால். இதைப் படமாக எடுக்க அவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று வருந்த வேண்டாம். இந்தப் படத்தை முடிவு தெரிந்து பார்ப்பதே நல்லது. நமக்குத் தெரிந்தது படத்தின் நாயகனான சிறுவன் ஜூலியனுக்குத் தெரியாது. அந்த இடைவெளிதான் ஒவ்வொரு விளையாட்டுக் காட்சியையும் பதற்றத்தோடு பார்க்கவைக்கிறது.

அவனுக்கு எப்போது, எவ்வளவு தெரிகிறது?

ஜூலியன் கெட்டிக்காரன், வசதியான வீட்டுப் பிள்ளை, அம்மா பிள்ளை. புதிதாக வரும் போனே கணக்கிலும் பியானோவிலும் அவனைவிடக் கெட்டிக்காரன். பொறாமையிலிருந்துதான் ஆர்வம் பிறக்கிறது. நள்ளிரவில் போனே மெழுகுவத்தி ஏற்றி ஏதோ முணுமுணுப்பதை ஜூலியன் பார்க்கிறான். அவனுடைய அலமாரியைத் துழாவி, ஒரு புத்தகத்தில் அவனது உண்மைப் பெயரைக் கண்டுபிடிக்கிறான். யூதர் என்றால் யார், அவர்கள் மேல் ஏன் கோபம் என்று அண்ணனிடம் கேட்கிறான். அண்ணன் சொல்லும் அரைகுறைப் பதிலில் ஒரு சமூகத்தின் மொத்த அறியாமையும் அடங்கியிருக்கிறது.

கேமரா பெரும்பாலும் ஜூலியனை விட்டு நகர்வதில்லை. ஆகவே முதல் முறை பார்க்கும்போது அவன் கண் போகும் இடத்தை மட்டும் தொடருங்கள். ஒரு ரகசியத்தைக் கண்டுபிடிப்பது அவனுக்கு விளையாட்டு. அதைக் காப்பாற்றுவது பொறுப்பு என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நட்பு சொல்லப்படாத இடங்கள்

'நீ என் நண்பன்' என்று படத்தில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்துக்கொள்வதில்லை. காட்டில் புதையல் தேடும் விளையாட்டில் இருவரும் வழி தவறுகிறார்கள். ஜெர்மன் சிப்பாய்களிடம் மாட்டுகிறார்கள். சிப்பாய்களோ கம்பளி போர்த்தி, பத்திரமாகப் பள்ளியில் கொண்டுவந்து விடுகிறார்கள். விமானத் தாக்குதல் சங்கு ஒலித்து எல்லோரும் பதுங்கப் போனபோது இவர்கள் இருவரும் ஒரே பியானோவில் நான்கு கைகளால் கொட்டமடிக்கிறார்கள். இரவில் டார்ச் வெளிச்சத்தில் 'ஆயிரத்தொரு இரவுகள்' படிக்கிறார்கள். ஒருமுறை ஜூலியன் பன்றி இறைச்சிப் பண்டத்தை நீட்டி வம்புக்கிழுக்கிறான். பாசமும் குரூரமும் ஒரே பையனிடமிருந்து மாறி மாறி வருகின்றன. குழந்தைகளைத் தேவதைகளாக்காததுதான் இந்தப் படத்தின் நேர்மை.

தவறவிடக்கூடாத மூன்று இடங்கள்

ஒன்று, சாப்ளினின் 'தி இமிக்ரன்ட்' திரையிடல். பாதிரியார், மாணவர்கள், எடுபிடி, ஒளிந்திருப்பவன் எல்லோரும் ஒரே இருட்டில் சேர்ந்து சிரிக்கிறார்கள். சுதந்திர தேவி சிலை திரையில் வரும்போது யாருடைய முகம் என்ன ஆகிறது என்று கவனியுங்கள்.

இரண்டு, உணவகக் காட்சி. முதிய யூதர் ஒருவரை வெளியேற்ற வருபவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களைத் துரத்துபவர் ஒரு ஜெர்மன் அதிகாரி. நல்லவர், கெட்டவர் என்று நாடுவாரியாகப் பிரிக்க மால் விடுவதில்லை.

மூன்று, பூசையில் நற்கருணை வாங்க போனேயும் போய் மண்டியிடுவது. பாதிரியாரின் கை ஒரு நொடி தயங்கி அவனைக் கடந்து போகிறது. ஒரு வசனம்கூட இல்லை.

காதையும் திறந்துவைத்திருங்கள். அழச் சொல்லிக் கட்டளையிடும் பின்னணி இசை இதில் இல்லை. கேட்கும் இசை பெரும்பாலும் பள்ளிப் பியானோவிலிருந்தும் திரையிடலின்போது வாசிக்கப்படும் வயலினிலிருந்தும் வருவதுதான். ரெனாத்தோ பெர்த்தாவின் ஒளிப்பதிவில் நிறங்கள் நீலமும் சாம்பலுமாக உறைந்து கிடக்கின்றன.

இரண்டு குற்றங்கள்

ஜோசப் என்ற நொண்டிப் பையன் சமையலறை எடுபிடி. மாணவர்களோடு கள்ளச்சந்தை வியாபாரம் செய்கிறான். ஜூலியனும் அம்மா கொடுத்த ஜாமை அவனிடம் தபால்தலைக்கு விற்றவன்தான். விஷயம் வெளியானதும் வேலை போவது ஜோசப்புக்கு மட்டும். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் தப்பிவிடுகிறார்கள். அந்த ஜோசப்தான் பின்னால் ஒளிந்திருப்பவர்களைக் காட்டிக்கொடுக்கிறான். உங்களோடு வியாபாரம் செய்யாதிருந்தால் என்னை விரட்டியிருக்க மாட்டார்கள் என்று ஜூலியனிடமே சொல்கிறான்.

வகுப்பறையில் கெஸ்டபோ அதிகாரி போனேயின் உண்மைப் பெயரைச் சொல்லி, யார் என்று கேட்கிறான். யாரும் அசைவதில்லை. அவன் சுவரிலுள்ள வரைபடத்தில் குத்தியிருக்கும் கொடிகளைப் பிடுங்கத் திரும்பும் வேளையில், ஜூலியன் தலையைத் திருப்பி நண்பனைப் பார்க்கிறான். அதிகாரி அந்தப் பார்வையைப் பிடித்துவிடுகிறான். போனே நிதானமாக எழுந்து, பக்கத்திலிருப்பவர்களோடு கைகுலுக்கிவிட்டுப் போகிறான். எப்படியும் பிடித்திருப்பார்கள் என்று ஜூலியனைப் பிறகு அவனே தேற்றுகிறான். படம் முழுக்க நாம் தொடர்ந்துவந்த அந்தக் கண்தான் கடைசியில் காட்டிக்கொடுக்கிறது.

உலகத்தின் கொடுமையைப் பார்த்ததால் ஜூலியனின் குழந்தைமை போகவில்லை. அந்தக் கொடுமையில் தன் பங்கும் இருப்பதைக் கண்டதால் போகிறது. பால்யம் பற்றிய நூறு படங்களில் இதைத் தனித்து நிறுத்துவது இந்தத் தெளிவுதான்.

எப்படிப் பார்க்கலாம்?

இரண்டு முறை பாருங்கள். முதல் முறை ஜூலியனோடு. இரண்டாம் முறை போனேயோடு. அவன் பெயர் கூப்பிடப்படும் ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கையாகப் பதில் சொல்வது அப்போதுதான் கண்ணில் படும். பிரெஞ்சு ஒலியோடு சப்டைட்டில் வைத்துப் பாருங்கள், டப்பிங் வேண்டாம். கடைசியில் ஒலிக்கும் முதியவரின் குரல் மாலுடையதே.

படம் பிடித்தால், மால் 1960களின் கடைசியில் இந்தியாவைச் சுற்றி எடுத்த 'ஃபாந்தம் இந்தியா' ஆவணத் தொடரையும் தேடுங்கள். அதில் ஒரு பகுதி முழுக்கச் சென்னையைப் பற்றியது. கூர்ந்து பார்த்துவிட்டு அவசரமாகத் தீர்ப்புச் சொல்லாத அதே கண்தான் அங்கும் வேலை செய்கிறது.

வீட்டில் 12 வயதைத் தாண்டிய பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் உட்காரவையுங்கள். வரலாற்றை முன்பே இரண்டு நிமிடம் சொல்லிவிடுங்கள். படம் முடிந்ததும் நீதி சொல்லத் தொடங்காதீர்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.