உதவியாளர் நிற்கும் இடம்

என் மகளுக்குப் பதினான்கு வயது. கோடை விடுமுறையில் அவள் அறையிலிருந்து யாரோ ஆங்கிலத்தில் ஆட்சேபம் தெரிவித்துக் கத்தும் குரல் நாள் முழுக்கக் கேட்கும். பத்தாம் வகுப்புக்குப் போகிற பெண் இப்படி வீடியோ கேமில் கிடக்கிறாளே என்ற கோபத்தில்தான் ஒருநாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரையில் வந்த கொலையும் ரத்தமும் என் கோபத்தைக் கூட்டின. ஒரு மணி நேரம் போயிருக்கும். "அந்த ஆள் சொல்ற நேரம் இடிக்குதே" என்று அவளுக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு விடுமுறை முடிகிறவரை சேர்ந்தேதான் விளையாடினோம்.

விளையாட்டின் பெயர் 'தி கிரேட் ஏஸ் அட்டர்னி கிரானிக்கிள்ஸ்'. ஜப்பானின் கேப்காம் நிறுவனத்துக்காக ஷு தகுமி இயக்கியது. 2015இலும் 2017இலும் ஜப்பானிய மொழியில் இரு பாகங்களாக வந்து, 2021இல் ஆங்கிலத்தில் ஒன்றாக வெளியானது. காலம் மெய்ஜி ஜப்பான், விக்டோரியா கால லண்டன். மொத்தம் பத்து வழக்குகள். சாட்சி சொல்வதை வரி வரியாகக் கேட்க வேண்டும். அழுத்திக் கேள்வி கேட்கலாம். எந்த வரி பொய்யோ அந்த வரியில் சான்றை எடுத்து நீட்ட வேண்டும். துப்பாக்கி சுடுவதோ வண்டி ஓட்டுவதோ கிடையாது. வாசிப்பதுதான் வேலை. இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். ஒரு வாக்கியத்தை இவ்வளவு சந்தேகத்தோடு வாசிக்க என் வகுப்பில் எத்தனை பேருக்குக் கற்றுத்தந்தேன் என்று யோசித்தேன்.

கதாநாயகன் ரியுனோசுகே சட்டம் படித்தவன் அல்ல, ஆங்கிலம் படிக்கும் மாணவன். நண்பன் போக வேண்டிய லண்டனுக்கு அவன் வழக்குரைஞனாகப் போக நேர்கிறது. உடன் வருபவள் சுசாடோ, நீதித்துறை உதவியாளர். சட்டப் பிரிவுகள் அவளுக்கு மனப்பாடம். அவன் திணறும்போது குறிப்பைத் தேடிக் கொடுப்பவளும், மனம் தளரும்போது தூக்கி நிறுத்துபவளும் அவள்தான். சமயத்தில் அவனை அப்படியே தூக்கித் தரையில் வீசவும் செய்வாள். மகள் விழுந்து விழுந்து சிரித்த இடம் அது. சிரிப்பு அடங்கியதும், "எல்லாம் இவளுக்குத்தாம்மா தெரியுது. அப்புறம் ஏன் அவன் வக்கீல்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு விளையாட்டு ஒரே ஒரு வழக்கில் பதில் சொல்கிறது. இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் சுசாடோவின் தோழிமேல் கொலைப்பழி விழுகிறது. பெண் வழக்குரைஞராக நிற்க முடியாத நீதிமன்றம் அது. ஆண் உடை போட்டு, ரியுதாரோ என்று பெயர் சொல்லிக்கொண்டு சுசாடோ வாதாடி வெல்கிறாள். அடுத்த வழக்கில் மீண்டும் உதவியாளர் இடத்துக்குத் திரும்புகிறாள். அவளால் முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பிறகும் அந்த இடம் மாறவில்லை. வெற்றி ரியுதாரோ என்ற, உலகத்தில் இல்லாத ஓர் ஆணின் பெயருக்குப் போகிறது.

வரலாறு அப்படித்தானே, விளையாட்டு என்ன செய்யும் என்று கேட்கலாம். ஜப்பானில் பெண்கள் வழக்குரைஞராக வழிவிட்ட சட்டத்திருத்தம் 1933இல்தான் வந்தது. முதல் மூன்று பெண்கள் தேர்வில் வென்றது 1938இல். ஆனால் இதே விளையாட்டு லண்டன் நீதிமன்றத்தில் ஆறு பேர் கொண்ட ஜூரியை உட்கார்த்தி, அதில் பெண்களுக்கும் இடம் தருகிறது. அன்றைய இங்கிலாந்தில் ஜூரி பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் ஆண்கள். 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே பெண்கள் அங்கே உட்கார முடிந்தது. ஆக, வேண்டிய இடத்தில் வரலாற்றை மீறும் துணிச்சல் இவர்களுக்கு இருக்கிறது. தீர்ப்புச் சொல்லும் இருக்கையில் பெண்ணை உட்கார வைத்த கற்பனை, வாதாடும் இடத்தில் அவள் பெயரோடு அவளை நிறுத்தவில்லை.

இந்தக் குறை என்னை உறுத்தக் காரணம், அதிகாரத்தைப் பற்றி இந்த விளையாட்டு நிறையவே அறிந்திருப்பது. மேலை நாடுகளோடு 1858இல் ஜப்பான் செய்த உடன்படிக்கைகளால், அந்த நாட்டவர் ஜப்பானில் குற்றம் செய்தாலும் ஜப்பானிய நீதிமன்றம் அவர்களை விசாரிக்க முடியாமல் போனது. பிரிட்டனோடு 1894இல் செய்த புதிய உடன்படிக்கை 1899இல் நடைமுறைக்கு வந்த பிறகே அந்த நிலை முடிந்தது. விளையாட்டின் முதல் வழக்கே இந்த அவமானத்தைச் சுற்றித்தான். அங்கே பேரரசின் கவசத்தோடு நிற்பவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். லண்டனில் ரியுனோசுகே காதுபடக் கேட்கும் இன வசைகளையும் விளையாட்டு மழுப்பவில்லை. நாட்டுக்கு நேர்ந்த அநீதி கதை முழுக்க ஓடும் காயமாகிறது. சுசாடோவுக்கு நேர்வதோ ஒரு வேடப் புனைவோடு தீர்ந்துவிடுகிறது.

மகளிடம் கொர்னீலியா சொராப்ஜியைப் பற்றிச் சொன்னேன். 1889இல் ஆக்ஸ்போர்டு போய், 1892இல் சட்டத் தேர்வு எழுதிய இந்தியப் பெண். ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியதே 1920இல். இந்தியாவில் பெண்கள் வழக்குரைஞர் தொழில் செய்யச் சட்டம் வந்தது 1923இல். இடைப்பட்ட காலத்தில் அவர் கோஷாப் பெண்களுக்குச் சட்ட ஆலோசகராக வேலை பார்த்தார். "அப்போ இவங்களும் அசிஸ்டென்ட்டா?" என்றாள். ஆலோசகர் என்றால் உதவியாளர் இல்லை என்று விளக்கத் தொடங்கியவள், பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

எனக்கு வேறொரு மேசை நினைவுக்கு வந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழுவில் இருந்தேன். வழக்கின் விவரங்களைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. என்னைப் பற்றி மட்டும் சொல்லலாம். ஒரு சாட்சி சொன்ன நேரமும் பதிவேட்டிலிருந்த நேரமும் ஒத்துப்போகவில்லை. முதலில் பார்த்தது நான். அதைத் துண்டுச்சீட்டில் எழுதி, பக்கத்திலிருந்த மூத்தவர் பக்கம் நகர்த்தினேன். அவர் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் பேசுவார் என்று காத்திருந்தேன். கூட்டம் முடிந்தது. நடவடிக்கைக் குறிப்பை அழகான தமிழில் எழுதியதும் நான்தான். அந்த மாணவி அடுத்த மாதம் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் குழுவில் பேச எனக்கு ஆண்வேடம் தேவைப்பட்டிருக்கவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் எனக்கு இருக்கை தந்திருந்தது, குரலும் தந்திருந்தது. குறிப்பை எடுத்துக் கொடுப்பதே என் வேலை என்று எனக்குள் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுசாடோவை அத்தனை அன்பாக, அத்தனை கெட்டிக்காரியாகப் படைத்ததில் இருக்கும் ஆபத்து இதுதான். உதவியாளர் இடத்தையே விரும்பத்தக்கதாக ஆக்கிவிடுகிறது அவள் இனிமை. நானும் இனிமையானவள் என்றே பெயரெடுத்திருந்தேன்.

பிள்ளைகளுக்கு இதை வாங்கித் தரலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதில், தாராளமாகத் தரலாம். பதின்வயதுக்காரர்கள் தாங்கக்கூடிய வன்முறைதான். பெரிய மனிதர்கள் சொல்வதிலும் ஓட்டை இருக்கும் என்பதை அவர்கள் விரல்நுனியில் கற்றுக்கொள்வார்கள். ஆனால் பக்கத்தில் உட்காருங்கள். வாதாடுபவன் பின்னால் நிற்பவளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

துண்டுச்சீட்டுக் கதையை மகளிடம் சொன்னேன். விளையாட்டை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டாள். "நீ ஏம்மா எழுந்து சொல்லல?" என்றாள். குறுக்கு விசாரணையில் அழுத்திக் கேட்கும் அதே குரல். பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அவள் காத்திருந்தாள்.